கல்லடியா, ஆரையம்பதியா, வவுணதீவா?

கேள்வி: தம்பிலுவில் எங்கள் ஊர். மட்டக்களப்பு புளியந்தீவில் ஒரு வங்கியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒக்டோபர் முதலாம் திகதி கடமையேற்க வேண்டும். காலை 8.15க்குள் விரல் அடையாளம் வைக்க வேண்டும், பின்னேரம் வெளியே வர 5.30 ஆகலாம் என்கிறார்கள். கணவர் களுவாஞ்சிகுடியில் ஆசிரியர். அவர் 7.30க்கு முன் கையெழுத்து வைக்க வேண்டும். மகனுக்கு நாலு வயது. என்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது, அவரிடம் மோட்டார் சைக்கிள். நொச்சிமுனையில் ஒரு சின்ன வீடு 30,000 ரூபாய்க்குப் பார்த்தோம். ஆரையம்பதியில் பெரிய வளவோடு ஒன்று 22,000. வவுணதீவில் மாமியின் சொந்தக்காரர் வீடு சும்மா கிடக்கிறது, வாடகையே வேண்டாம் என்கிறார்கள். வேலையிடத்தில் ஒருவர், "தெற்கே போகாதீங்க, ஊறணிப் பக்கம் பாருங்க, கல்லடிப் பாலம் தொல்லை" என்கிறார். எங்கே போகலாம்? காணி வாங்கிக் கட்டுவது நல்லதா?

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இப்போது காணி வாங்க வேண்டாம். வங்கி வேலையில் இடமாற்றம் சாதாரணம். இன்று புளியந்தீவு, சில வருடங்களில் செங்கலடியோ வாழைச்சேனையோ வரலாம். புளியந்தீவை மனதில் வைத்து வாங்கிய காணி, செங்கலடிக்கு மாறிய அன்றே தப்பான பக்கத்தில் நிற்கும். மூன்று வருடமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள்.

இனி வீடு. நீங்கள் பார்த்த இடங்களைக் கிலோமீட்டரில் ஒப்பிட்டால் எல்லாமே கிட்டத்தான் தெரியும். நொச்சிமுனை சுமார் 4, ஆரையம்பதி சுமார் 8, வவுணதீவும் ஊறணியும் அதற்கு இடையில். மட்டக்களப்பில் இந்தக் கணக்கு ஏமாற்றும். புளியந்தீவு பெயரிலேயே தீவு, எந்தத் திசையால் வந்தாலும் நீரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். ஆகவே எத்தனை கிலோமீட்டர் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். எந்தப் பாலம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. நீங்கள் வடக்கே நகரத்துக்குப் போகிறீர்கள், கணவர் தெற்கே களுவாஞ்சிகுடிக்குப் போகிறார். இரண்டும் கல்முனை வீதியில்தான். புளியந்தீவிலிருந்து களுவாஞ்சிகுடிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீதியில் எங்கே வீடு எடுத்தாலும் இருவருடைய தூரத்தையும் கூட்டினால் அதே 28தான். நொச்சிமுனை என்றால் உங்களுக்கு 4, அவருக்கு 24. ஆரையம்பதி என்றால் உங்களுக்கு 8, அவருக்கு 20. வீதியை விட்டு வெளியே போனால்தான் கூட்டுத்தொகை ஏறும். ஊறணியில் இருந்தால் உங்களுக்கு 4 அளவில் முடிந்துவிடும். ஆனால் அவர் தினமும் நகரத்தைக் கடந்து, கல்லடிப் பாலமும் ஏறி, 30க்கு மேல் ஓட வேண்டும். ஊறணியை உங்களுக்குச் சொன்னவர் தன் கந்தோருக்குப் போகும் வழியை மட்டும் நினைத்துச் சொல்லியிருப்பார். தனியாளுக்கு அது நல்ல யோசனை. திருமலை வீதியால் வந்தால் கல்லடிப் பாலம் இல்லை, கோட்டமுனையிலிருந்து ஒரு பாலம் ஏறினால் புளியந்தீவு. களுவாஞ்சிகுடிக்குப் போகும் கணவர் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. இன்னொன்றும் கவனியுங்கள்: மாவட்டச் செயலகம் கோட்டைக்குள் இருந்து திராய்மடுவுக்குப் போனபின், காலையில் வடக்கே போகும் உத்தியோகத்தர் கூட்டமும் சேர்ந்துவிட்டது. நகரம் என்றால் புளியந்தீவு மட்டும் என்ற காலத்துக் கணக்கை இப்போது அப்படியே நம்ப முடியாது.

பெற்றோல் செலவு இடத்தைத் தீர்மானிக்கும் என்று நினைத்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கூட்டி லீட்டருக்கு 40 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிள் 45 என்று கொள்வோம். உங்களுக்கு மாதம் 22 வேலைநாள், அவருக்கு 20. நொச்சிமுனையிலிருந்து நீங்கள் மாதம் 176 கிலோமீட்டர் ஓடுவீர்கள், 4.4 லீட்டர். அவர் 960 கிலோமீட்டர், 21.3 லீட்டர். ஆரையம்பதியிலிருந்து நீங்கள் 352 கிலோமீட்டர், 8.8 லீட்டர். அவர் 800 கிலோமீட்டர், 17.8 லீட்டர். கூட்டினால் 25.7 லீட்டருக்கு எதிராக 26.6 லீட்டர். ஒரு லீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆகவே பெற்றோலை மறந்துவிடுங்கள். மிச்சமிருப்பது வாடகையில் 8,000 ரூபாயும், மணிக்கூடும்.

மணிக்கூட்டில்தான் இரண்டு வீடும் பிரிகின்றன. கல்முனை வீதியில் எல்லாக் கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஆரையம்பதிக்குத் தெற்கே தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் வரை காலையில் வண்டி ஒரே சீராக ஓடும். ஆரையம்பதிக்கு வடக்கே உள்ள காத்தான்குடிக்குள் அப்படி முடியாது. நடுவில் பேரீச்ச மரம் நட்ட பிரிப்பு, இரண்டு பக்கமும் கடை, கடைக்கு முன் நிறுத்திய ஓட்டோ, சாமான் இறக்கும் லொறி, குறுக்கே போகும் சைக்கிள். முன்னால் ஒரு பஸ் ஆள் ஏற்ற நின்றால் பின்னால் வருகிறவருக்கு விலகி முந்த இடமில்லை. ஆரையம்பதியில் குடியிருந்தால் இந்தப் பகுதியை நீங்கள் 7.40 அளவில், கடைகள் திறக்கிற நேரத்தில், நகரத்துக்குப் போகிற எல்லோரோடும் சேர்ந்து கடக்க வேண்டும். நொச்சிமுனையில் குடியிருந்தால் காத்தான்குடி உங்கள் வழியில் இல்லை. கணவரின் வழியில் வரும். ஆனால் அவர் அதைக் கடப்பது 6.40 மணிக்கு, கடைகள் பூட்டியிருக்க, கூட்டம் வருகிற திசைக்கு எதிராக. அதே இரண்டு கிலோமீட்டர் அவருக்கு நாலு நிமிடம், உங்களுக்குப் பத்து.

நொச்சிமுனையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான். நெரிசலான துண்டை, நெரிசல் இல்லாத நேரத்தில் போகிறவரின் பக்கம் தள்ளிவிட வேண்டும். அதே காரணத்தால் கல்லடியும் நாவற்குடாவும் உங்களுக்குச் சரிவரும். மஞ்சந்தொடுவாய்க்கு அப்பால் போக வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் கோட்டமுனையோ புளியந்தீவோ இன்னும் மேல் அல்லவா என்று கேட்பீர்கள். போக்குவரத்தை மட்டும் பார்த்தால் ஆம். நீங்கள் வேலைக்கு நடந்தே போகலாம், அவர் கல்லடிப் பாலத்தை 6.20க்கு வெறும் பாலமாகக் கடப்பார். ஆனால் உங்கள் 30,000க்கு அங்கே நாலு வயதுப் பிள்ளை ஓடி விளையாட வளவோடு தனி வீடு தேடி அலைவதில் ஒக்டோபர் வந்துவிடும். நல்ல மேல்மாடியோ அனெக்ஸோ தானாக வந்து மாட்டினால் விடாதீர்கள்.

கல்லடிப் பாலம் தொல்லை என்பதில் பாதி பழைய நினைவு. 1924இல் திறந்த இரும்புப் பாலம் ஒற்றை வழி. அந்தப் பக்க வண்டி வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்து நின்ற காலத்துப் பேச்சு அது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபின் பாலத்தின் மேல் நெரிசல் குறைவு. நெரிசல் பாலம் இறங்கிய பின்தான், அரசடிப் பக்கமும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியும். அங்கே இரண்டு அலை வரும். 7 மணி முதல் 7.30 வரை பாடசாலை அலை: வான், ஓட்டோ, ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகள். 7.30 மணி அடித்ததும் அது வடியும். 7.50க்குப் பிறகு கந்தோர் அலை ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. நீங்கள் 8.15க்கு விரல் வைக்கிறவர், 7.35க்குப் பாலம் ஏறினால் அந்த இடைவெளிக்குள் விழுவீர்கள். 7.55க்கு ஏறினால் தூரம் அதேதான், நேரம் வேறு. பாடசாலை விடுமுறைக் காலத்தில் வழியைச் சோதித்தால் இது எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனவர்கள் "பத்து நிமிஷம்தான்" என்று சந்தோஷமாகத் திரும்புவதும் இதனால்தான்.

வவுணதீவு வீட்டைப் பற்றி. மாதம் 30,000 மிச்சம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட முடியாது. மழையில்லாத நாளில் வலையிறவுப் பாலத்தால் நகரத்துக்கு வரும் வழி சுகமானது. கல்முனை வீதி நெரிசல் எதுவும் இல்லை. சிக்கல் மாரியில். மேற்கே பெய்கிற மழை எல்லாம் குளங்களில் நிறைந்து, ஆறுகளில் வடிந்து, மட்டக்களப்பு வாவியில் வந்து சேரும். வாவிக்குக் கடலோடு நகரப் பக்கம் இருக்கிற வாய் பாலமீன்மடு முகத்துவாரம். அதில் மண் மேடு மூடிக் கிடக்கிற நேரத்தில் பெருமழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னுக்கு ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை வாவி ஓரத்துத் தாழ்ந்த வீதிகள் தண்ணீருக்குள். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது வவுணதீவுப் பக்கம்தான். வீதிக்கு மேல் தண்ணீர் ஓடி, உழவு இயந்திரத்திலும் படகிலும் ஆட்களைக் கடத்துகிற நாட்கள் அங்கே புதினமல்ல. புது வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதமே நவம்பர். தகுதிகாண் காலத்தில் "வெள்ளம், வரேலாது" என்று மூன்று நாள் சொல்ல வேண்டி வந்தால் முகாமையாளர் நல்லவராக இருந்தாலும் அது உங்களுக்கு நல்லதில்லை.

கணவருக்கு இன்னும் மோசம். அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்கு இரண்டு வழி. நகரத்துக்குள் வந்து கல்லடிப் பாலத்தால் சுற்றிப் போவது ஒன்று. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையாலேயே கொக்கட்டிச்சோலை போய், 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு ஏறுவது மற்றது. முதல் வழி நீளம். இரண்டாவதில், விடியாத நேரத்தில் உள்வீதிகளில் யானைப் பயம் இருக்கிற பகுதிகள் உண்டு. தினசரி வழியாக இரண்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சொந்தக்காரர் வீட்டில் வாடகை இல்லை என்பதும் காசுக்கணக்கில் மட்டும்தான், அது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் வவுணதீவில் ஒரு பெறுமதி இருக்கிறது: பிள்ளையைப் பார்க்க ஆள். உங்கள் கடிதத்தில் இந்தப் பக்கம் ஒரு வரியும் இல்லை, எனக்கு அதுதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. நாலு வயது என்றால் முன்பள்ளி. முன்பள்ளிகள் பெரும்பாலும் 8 மணியளவில் தொடங்கி 11.30, 12க்கு விட்டுவிடும். நீங்கள் வீட்டை விட்டு 7.30க்கு வெளிக்கிட வேண்டும். கணவர் 6.30க்கே போய்விடுவார். பின்னேரம் அவருக்கு 1.30க்குப் பாடசாலை விட்டு வீடு வர 2.15 ஆகும். அப்படியென்றால் காலையில் அரை மணி, மத்தியானம் இரண்டரை மணி, பிள்ளை யாரோடு? வீட்டைத் தெரிவு செய்யும் முன் இந்த மூன்று மணி நேரத்துக்கு ஆளைத் தெரிவு செய்யுங்கள். மாமி உங்களோடு வந்து நொச்சிமுனையில் தங்குவார் என்றால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் 7.15க்கே பிள்ளையை ஏற்று, 2.15 வரை வைத்திருக்கும் ஒரு பகல்நேரப் பராமரிப்பு இடத்தையோ நம்பிக்கையான வீட்டையோ முதலில் கண்டுபிடித்து, அதற்குக் கிட்ட வீடு தேடுங்கள். அது நாவற்குடாவில் கிடைத்தால் நாவற்குடா. கல்லடியில் கிடைத்தால் கல்லடி. அந்த இடம் கல்லடிப் பாலத்துக்குத் தெற்கேயே இருக்க வேண்டும். காய்ச்சல் என்று மத்தியானம் அழைப்பு வந்தால் கணவரும் பாலம் கடக்காமல் வந்து சேரலாம்.

முன்பள்ளியைத் தெரிவு செய்யும்போது வீதியின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நொச்சிமுனையிலிருந்து நகரம் நோக்கிப் போகையில் உங்கள் இடது கை வாவிப் பக்கம், வலது கை கடல் பக்கம். முன்பள்ளி இடது பக்க ஒழுங்கையில் இருந்தால் இறக்கிவிட்டு அப்படியே வீதியில் சேர்ந்துவிடலாம். வலது பக்கம் என்றால் ஓடும் பஸ்களுக்கு நடுவே இரண்டு முறை குறுக்கே வெட்ட வேண்டும், பின்னால் பிள்ளையோடு. வீட்டுக்கும் இதே கணக்கு. வாவிப் பக்க ஒழுங்கை என்றால் காலையில் நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் போதும். கணவர் தெற்கே போக வலப்பக்கம் வெட்ட வேண்டும், ஆனால் 6.30க்கு வீதி காலி.

இப்போது வாவிப் பக்கத்தின் குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் உள்ளே போகப் போக நிலம் தாழும். பிரதான வீதியிலிருந்து முதல் சில வளவுகள் பரவாயில்லை. வாவி ஓரத்தை அண்டிய வளவுகளில் மாரியில் தண்ணீர் நிற்கும். கடல் பக்கம் மணல், மழைநீர் இறங்கிவிடும். பதிலுக்கு உப்புக்காற்று. ஸ்கூட்டியின் ஆணிகளும் பிரேக் கம்பியும் இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும், கதவுக் கொளுக்கி இழுக்க வராது. 2004 டிசம்பர் 26 சுனாமி நாவலடி, கல்லடிக் கரையில் செய்ததை நீங்கள் தம்பிலுவில்லிலிருந்தே அறிவீர்கள். கடல் பக்க வீடு எடுத்தால் கடற்கரைக்கு நெருக்கமாக வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையாகவே விலகிப் போகிற வழியை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

நீங்கள் பார்த்த 30,000 ரூபாய் வீடு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும், மறுபடி போகும்போது வீட்டுக்காரர் உள்ளே கூட்டிப்போகும் முன் வெளியே நின்று மதிலைப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் நேர்கோடாக ஒரு மங்கல் நிறம் ஓடுகிறதா? அதற்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளைப் பூப்போல உப்பு பூத்திருக்கிறதா? அது தண்ணீர் நின்ற மட்டம். புதிதாகப் பெயின்ற் அடித்த மதில் என்றால் பக்கத்து வளவு மதிலைப் பாருங்கள், அதற்கு யாரும் பெயின்ற் அடித்திருக்க மாட்டார்கள். பிறகு வாசல்படி எத்தனை என்று எண்ணுங்கள். ஒழுங்கை மட்டத்திலிருந்து நிலம் ஒன்றரை அடியாவது உயர்ந்திருப்பது நல்லது. மலசலகூடம் மட்டும் வீட்டை விட உயரமாக, ஐந்தாறு படி வைத்துக் கட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். மாரியில் குழி நிரம்பித் தண்ணீர் திரும்பி வந்த வீட்டில்தான் அப்படிக் கட்டுவார்கள்.

வெள்ளம் வருமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் "இந்த ஒழுங்கைக்குள் வந்ததே இல்லை" என்றுதான் பதில் வரும். முனைக்கடைக்காரரிடம் வேறுவிதமாகக் கேளுங்கள்: "மாரியில் ஸ்கூட்டியை எங்கே நிறுத்துறது?" வெள்ளம் வராத ஒழுங்கை என்றால் அந்தக் கேள்வியே அவருக்கு விளங்காது.

தண்ணீர்: குழாய் இணைப்பு இருக்கிறதா, மானி வேலை செய்கிறதா, கடைசிப் பட்டியல் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கிணற்றை மட்டும் நம்ப வேண்டாம். மணல் நிலத்தில் மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்கு அழுக்கு வெகு சுலபமாகப் போகும். இரண்டுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும். இந்தப் பக்கத்துச் சின்ன வளவுகளில் அது கிடைப்பது அரிது, அதுவும் பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்று யாரும் அளப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணற்று நீர் உவர்க்கவும் செய்யும். குளிக்க, கழுவ கிணறு போதும். குடிக்கக் குழாய் நீர்.

இனிச் சோதனை ஓட்டம். இதைச் செய்யாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். பாடசாலை நடக்கிற வாரத்தில், ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் படலையைப் பூட்டுகிற நிமிடத்தில் நேரத்தைக் குறியுங்கள், வீதியில் ஏறும்போது அல்ல. முன்பள்ளி வாசலில் மூன்று நிமிடம் நில்லுங்கள், பிள்ளையை இறக்கிச் சப்பாத்து மாட்டி உள்ளே விட அவ்வளவு ஆகும். பாலத்தின் தொடக்கத்தில் ஒரு நேரம், பாலம் இறங்கியபின் நகரச் சந்தி தாண்டி ஒரு நேரம், வங்கிக்குக் கிட்ட ஸ்கூட்டியை நிழலில் நிறுத்த இடம் தேடி முடித்து ஒரு நேரம், வங்கி வாசலில் கடைசி நேரம். எந்தத் துண்டு எவ்வளவு தின்கிறது என்று அப்போதுதான் தெரியும். பலருக்குப் பாலத்தை விட நிறுத்துமிடம் கூடுதலாகத் தின்னும். ஆரையம்பதிக்கும் இதேபோல் ஒரு நாள் ஓடுங்கள், என் வார்த்தையை நம்பி அதை விட்டுவிட வேண்டாம். கிடைத்த நேரங்களின் சராசரியை எடுக்காதீர்கள். அதிகமாக வந்த நேரத்தை எடுத்து அதோடு பத்து நிமிடம் கூட்டுங்கள். விரல் அடையாள இயந்திரம் சராசரி பார்ப்பதில்லை.

ஒரு நாள் பஸ்ஸிலும் போய்ப் பாருங்கள். ஸ்கூட்டி பழுதாகும் நாள் வரும், பெருமழை நாளும் வரும். கல்முனையிலிருந்து வரும் பஸ்கள் நொச்சிமுனைக்கு வரும்போது நிறைந்துதான் வரும், காலையில் உட்கார இடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நின்றபடி நாலு கிலோமீட்டர் என்பது பொறுக்கக்கூடியது. ஆரையம்பதியில் ஏறினால் அதே நிற்பு காத்தான்குடி முழுக்க. புளியந்தீவு பஸ் நிலையம் வரை போகிற பஸ்ஸா, முன்னுக்கே இறங்கி நடக்க வேண்டுமா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேளுங்கள். திரும்பும் பயணத்தையும் பார்க்க வேண்டும். நவம்பரில் 5.40, 5.45க்கே சூரியன் மறைந்துவிடும். 5.30க்கு வெளியே வருகிற உங்களுக்கு அந்த நாட்களில் திரும்பும் வழி இருட்டுகிற வழி. வீதியில் மாடு படுத்திருக்கும், வெளிச்சமில்லாத சைக்கிள் வரும். பிரதான வீதியிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் வீதி விளக்கு எரிகிறதா என்று ஒரு நாள் ஏழு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். உள்ளே 400 மீற்றருக்கு மேல் போகிற வீடு என்றால் நான் வாடகையைக் குறைத்துக் கேட்பேன்.

8,000 ரூபாய் கூடக் கொடுப்பது தகுமா என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நொச்சிமுனையில் உங்களுக்கு ஒரு தடவைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் மிச்சம். கணவருக்கு ஆறேழு நிமிடம் கூடுதல். கழித்தால் தடவைக்குச் சுமார் பத்து நிமிடம், மாதம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு மணி நேரத்துக்கு 1,100 ரூபாய் அளவில் விழுகிறது. வெறும் நேரமாகப் பார்த்தால் இது விலை கூடத்தான். ஆனால் மிச்சமாகும் நேரம் காலை 7க்கும் 8க்கும் இடையில் வருவது, அதுவும் பிள்ளையை இறக்கிவிட வேண்டிய நேரத்தில். அந்த நேரத்துக்கு நான் அந்த விலை கொடுப்பேன். மாமி உங்களோடு தங்கி, பிள்ளையை முன்பள்ளிக்கும் அவரே கூட்டிப்போவார் என்றால் கதை மாறும். அப்போது பெரிய வளவுள்ள ஆரையம்பதி வீடு 22,000க்கு நல்ல பேரம், நீங்கள் காலையில் இருபது நிமிடம் வெள்ளன வெளிக்கிட்டால் சரி.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம். ஒரு வருட முற்பணம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குப் பேசிப் பாருங்கள். ஒக்டோபரில் தொடங்கினால் மாரி முழுவதும் அந்த ஆறு மாதத்துக்குள் வந்துவிடும், வீட்டின் குணம் எல்லாம் தெரிந்தபின் நீடிப்பதா என்று முடிவு செய்யலாம். ஒரு மாத அறிவித்தலில் வெளியேறலாம், மீதி முற்பணத்தைத் திருப்ப வேண்டும் என்ற வரியை எழுத்தில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் செல்லும், கடையில் விற்கிற படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதாது. மகனுக்கு முதலாம் வகுப்பு அனுமதி கேட்கும்போது வசிப்பிடத்துக்கு ஆதாரமாக இந்த ஒப்பந்தமும், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர்களும் கேட்கப்படும். குடிவந்த வாரமே கிராம சேவகரிடம் பதிந்து, அடுத்த இடாப்புத் திருத்தத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தம்பிலுவில் வாக்கை விட மனமில்லாமல் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு அனுமதி நேரத்தில் ஓடித்திரிகிறவர்கள் நிறைய.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மாமியிடம் பேசி, வருவாரா இல்லையா என்று ஒரு பதில் வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை 7.30க்கு நொச்சிமுனை வீட்டுப் படலையிலிருந்து ஸ்கூட்டியை எடுங்கள், பின்னால் கணவரை ஏற்றாமல், மகன் இருக்கிற பாரத்தோடு. வெள்ளிக்கிழமை ஆரையம்பதியிலிருந்து 7.10க்கு. இரண்டு துண்டுக் கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுங்கள்.